உறுப்பினர்களுக்கு மட்டும்

அனுமதி கேட்காமல் இருந்திருந்தால் பண்ணைக்காரருக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

அவரிடம் பன்றிகள் இருந்தன. பன்றிகளுக்குப் பசி இருந்தது. மக்காச்சோளம்தான் போதவில்லை. மழை பொய்த்துப்போன வருஷம் அது. சந்தையில் ஒரு மூட்டை சோளம் இறங்கினால் அதைச் சுற்றிப் பத்துப் பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில்தான் முந்திரி ஆலையின் பின்பக்கம் அவர் கண்ணில் பட்டது. கொட்டையை உடைத்து, வறுத்து, தோலுரித்து, முழுப் பருப்பை டப்பாவில் அடைத்து அனுப்பியபின் மிஞ்சுகிற நொறுங்கலும், லேசாகக் கருகினதும், சிவப்புத் தோலும் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தன. அதை அள்ளிக்கொண்டு போக யாராவது வந்தால் கும்பிடு போடத் தயாராக இருந்தார் ஆலைக்காரர். பண்ணைக்காரர் வண்டியோடு போய் நின்றார்.

இரண்டு பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு நொறுங்கல். தோல் கசக்கும் என்பதால் அதில் மட்டும் ஒரு கைப்பிடி. பன்றிகள் முதல் நாள் மோந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. மறுநாள் தொட்டியை நக்கித் துடைத்தன. சில வாரங்களில் அவற்றின் மேல் ஒரு மினுமினுப்பு வந்தது. கூட்டத்துக்கே மூத்த தாய்ப்பன்றிக்கு அவர் மனைவி பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தாள். சினையாக இருந்த பெரியம்மாவுக்கு வயிறு தரையைத் தொட்டது. இருக்கிற சோளம் குட்டி போடும்வரை தாங்கும் என்று அவள் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

அவளுடைய தம்பி டவுனில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். எதையும் சுவரில் மாட்டினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். பன்றிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மாமா, இதுக்குன்னு மாற்றுத் தீவன ஒப்புதல் வாரியம்னு ஒன்னு இருக்கு. ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க. சர்டிபிகேட் வந்தா நானே ஓசியில பிரேம் போட்டுத் தரேன்."

ஓசி என்ற சொல்லில் பண்ணைக்காரர் விழுந்தார். எழுதிப் போட்டார்.

வாரியம் ஜீப்பில் வந்தது. வந்தவர் செயலர். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். கூட இரண்டு உதவியாளர்கள், ஒரு டப்பா அரக்கு.

"இது என்ன?" என்றார் செயலர், கிடங்குக்குள் நின்று.

"முந்திரி நொறுங்கல் சார். ஆலையில மிஞ்சினது."

"அப்படின்னா கழிவு."

"கழிவு இல்லீங்க, பன்றி நல்லாத் திங்குது."

"அப்படின்னா தீவனம். ஒப்புதல் இல்லாத தீவனம்."

"ஒப்புதல் கேட்டுத்தானே சார் எழுதிப் போட்டேன்?"

"ஆமாம்," என்றார் செயலர், பாராட்டுகிற குரலில். "நீங்க எழுதினதாலதான் ஒப்புதல் இல்லைங்கிற விஷயமே எங்களுக்குத் தெரிஞ்சது."

பிறகு அவர் விதியை வாசித்தார். ஒப்புதல் பெறாத தீவனத்தை உண்ட எந்த உயிரும், வாரியம் முடிவு சொல்லும்வரை, இருந்த இடத்திலேயே அடைத்து வைக்கப்பட வேண்டும். அதற்குத் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், எது எதனால் ஆனது என்று வாரியத்தால் கண்டறிய முடியாமல் போகும். மீறினால் அத்தனை உயிர்களும் அப்புறப்படுத்தப்படும். அப்புறப்படுத்துவது என்றால் எங்கே என்று பண்ணைக்காரர் கேட்டார். செயலர் தரையைக் காட்டினார்.

கிடங்குக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். சோளமும் நொறுங்கலும் ஒன்றாகவே கலந்து கிடந்ததால் சோளமும் உள்ளே போயிற்று. தீவனத் தொட்டிகளின் மேல் காகிதம் ஒட்டி அதற்கும் முத்திரை வைத்தார்கள். பன்றிகளின் வாய்க்கும் வைத்துப் பார்த்தார்கள். அரக்கு நிற்கவில்லை. அதனால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு ஒரு காவலரை உட்காரவைத்துவிட்டுப் போனார்கள்.

ஜீப் புழுதி அடங்குமுன் மனைவி ஆரம்பித்தாள்.

"உங்களை யாருங்க கேட்டா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுப் போய் எழுதிப் போட்டீங்களே!"

"உன் தம்பிதான்..."

"அவன் கண்ணாடி விக்கிறவன். உங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

அவர் கொட்டில் பக்கம் நடந்தார்.

பசித்த பன்றியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். முதலில் முனகல். பிறகு கம்பியை முட்டுகிற ஓசை. மறுநாள் காலையில் ஒன்றின் வாலை இன்னொன்று கடித்திருந்தது. பெரியம்மா தனிக் கொட்டிலில் படுப்பதும் எழுவதுமாக இருந்தாள். மடியில் பால் கட்டிவிட்டது. ஒன்றிரண்டு நாளில் குட்டி போட்டுவிடுவாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, வெறும் வயித்தோட குட்டி போட்டா என்னாகும் தெரியும்ல?"

அவருக்குத் தெரியும். பசியும் மிரட்சியும் சேர்ந்தால் தாய்ப்பன்றி தன் குட்டியையே தின்றுவிடும். அவருடைய அப்பா காலத்தில் ஒருமுறை அப்படி ஆனதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் குட்டிகளை நம்பித்தான் அடுத்த வருஷமே இருந்தது.

மனைவி காவலரிடம் போய் நின்றாள். "அண்ணே, எங்க வீட்டுச் சாப்பாடு ஒரு வாளி இருக்கு. நீங்க அந்தப் பக்கமா ஒரு நிமிஷம் திரும்பிக்கிட்டா..."

"திரும்பினா என் வேலை போயிரும்மா," என்றார் காவலர். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பன்றிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

பண்ணைக்காரர் வாரியத்துக்கு ஓடினார். நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன ஜன்னல். முதல் ஜன்னலில் இருந்தவர், "பாதிக்கப்பட்டது யாரு?" என்று கேட்டார். பன்றி என்றதும், "அப்ப பன்றிதான் வரணும்" என்றார். இரண்டாவது ஜன்னலில் இருந்த அம்மாள், தின்றது முந்திரி என்று பன்றிக்குத் தெரியுமா என்று விசாரித்தாள். தெரியாது என்றார் இவர். "அப்படின்னா ஏமாத்திக் குடுத்திருக்கீங்க," என்று அவள் எழுதிக்கொண்டாள். தெரியும் என்று மாற்றிச் சொன்னார். "அப்படின்னா அதுவும் உடந்தை," என்று அதையும் எழுதிக்கொண்டாள். மூன்றாவது ஜன்னலில் யாரும் இல்லை. அங்கேதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தாழ்வாரத்தின் கடைசியில் செயலர் எதிர்ப்பட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பண்ணைக்காரர் அழாத குறையாகச் சொன்னார். செயலர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவருக்கு இணை கிடையாது.

"நாளைக்கு அமர்வு இருக்கு. மாதிரி கொண்டு வாங்க."

"கிடங்குலதான் சார் எல்லாம் இருக்கு. நீங்கதான் பூட்டிட்டீங்களே."

செயலர் யோசித்தார். "ஆலையில கேட்டு வாங்கிட்டு வாங்க. சுத்தமா இருக்கட்டும். உறுப்பினர்கள் பார்ப்பாங்க."

ஆலைக்காரர் ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தார். அன்றைக்குப் புதிதாக வறுத்ததில் விழுந்த நொறுங்கல். சூடு ஆறவில்லை. மூடியைத் திறந்தால் தெருவே மணந்தது. பண்ணைக்காரர் ராத்திரி உட்கார்ந்து தோலையும் கருகலையும் பொறுக்கிவிட்டு நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தார். நல்ல பெயர் வாங்கவேண்டுமே. முந்திரிக்கொட்டைத்தனம் ஒரு நாளில் போகிற வியாதியா?

அமர்வு மண்டபம் பெரிதாக இருந்தது. நடுவில் நீள்வட்ட மேசை, அதைச் சுற்றி உறுப்பினர்கள், தலைமாட்டில் உயரமான நாற்காலியில் தலைவர். பருத்த, சிவந்த மனிதர். பேச்சு தொடங்குமுன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதிரியை ஒரு பீங்கான் தட்டில் கொட்டி மேசையின் நடுவில் வைப்பார்கள். உறுப்பினர்கள் அதை மௌனமாகப் பார்ப்பார்கள். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து வைக்கோல், உமி, தவிடு, புண்ணாக்குத் தண்ணீர் என்று என்னென்னவோ அந்தத் தட்டில் வந்து போயிருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு சரி. வறுத்த முந்திரி வந்தது அன்றைக்குத்தான்.

மௌனம் முடிந்து தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே! இந்த வாரியத்தின் ஒப்புதலைப் பெற்ற எந்தத் தீவனத்தாலும் இதுவரை ஒரு உயிர்கூட இறந்ததில்லை. உலகத்தில் வேறெந்த வாரியமும் இப்படி மார்தட்ட முடியாது. இதன் ரகசியம் என்ன? நாம் இதுவரை எதற்கும் ஒப்புதல் தந்ததில்லை!"

கைதட்டல். தட்டிய கை இறங்கும்போது, தலைவருக்குப் பக்கத்து உறுப்பினரின் கை அப்படியே தட்டுக்குப் போய்வந்ததைப் பண்ணைக்காரர் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"சிலர் நம்மைத் தாமதம் என்கிறார்கள். அவசரப்படுவது பசித்தவனின் குணம். நமக்கு அந்தக் குணம் வராமலிருக்கத்தான் அரசு நமக்கு இரண்டு வேளை சாப்பாடும் மூன்று வேளை தேநீரும் தருகிறது."

மறுபடி கைதட்டல். மறுபடி கைகள். இந்த முறை தலைவரே பேச்சின் நடுவில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சத்துணவு நிபுணரான அம்மாள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலே எடுத்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று பண்ணைக்காரர் தவித்தார். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டால் பெரியம்மா கதி? வாயை மூடிக்கொண்டார்.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, பெரியம்மா படுத்துட்டா. வலி வந்துருச்சு. கண்ணு ஒரு மாதிரியா இருக்கு. எனக்குப் பயமா இருக்குங்க. சீக்கிரம் வாங்க."

"என்ன சத்தம்?" என்றார் தலைவர்.

"மன்னிக்கணும் ஐயா. பெரியம்மாவுக்குப் பிரசவ வலி."

"இந்த வயசிலா?" என்று தலைவர் வியந்து, தட்டுக்குக் கையை நீட்டினார். தட்டில் ஒன்றுமில்லை.

செயலர் தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து பேச்சு முழுவதையும் எழுதிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கை ஓயவில்லை, அதனால் அவர் மட்டும் தின்னவில்லை. காலித் தட்டைப் பார்த்தார். தலைவரின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பையிலிருந்து அரக்கை எடுத்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஒப்புதல் பெறாத தீவனத்தை உண்ட எந்த உயிரும்," என்றார் செயலர் அதே மெல்லிய குரலில், "இருந்த இடத்திலேயே அடைத்து வைக்கப்பட வேண்டும், ஐயா. தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது."

"நான் தலைவர்!"

"'எந்த உயிரும்' என்று இருக்கிறது. 'எந்த' என்ற சொல்லைச் சேர்த்தது தாங்கள்தான். அன்று அதற்கும் கைதட்டினோம்."

"சார், நான் திங்கலை!" என்று கதவருகே ஓடினார் பண்ணைக்காரர். "என்னை விட்டுருங்க, வீட்டுல பன்றி குட்டி போடுது சார்!"

"நீங்க சாட்சி. நீங்களும் இருக்கணும்."

கதவின் மேல் அரக்கு சொட்டியது. அந்த வாசம் பண்ணைக்காரருக்குப் பழகியிருந்தது.

முதலில் சிரித்தார்கள். பிறகு அதட்டினார்கள். மத்தியானம் சாப்பாட்டு வண்டி தாழ்வாரத்தில் உருண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றது. மூடி திறக்கிற ஓசை கேட்டது. கதவிடுக்கு வழியாக வாசம் உள்ளே வந்தது. அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. சத்துணவு நிபுணர் தண்ணீராகக் குடித்தார். ஒருவர் தட்டில் விரலை ஒற்றி நக்கினார். அதைப் பார்த்துவிட்ட இன்னொருவர் தட்டைப் பிடுங்க, இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வால் மட்டும் இருந்திருந்தால் கடித்திருப்பார்கள்.

பண்ணைக்காரரின் போன் இரண்டுமுறை அடித்தது. செயலர் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். அது மேசையில் அதிர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டு பண்ணைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா முதல் குட்டியைப் போட்டிருப்பாளா? திரும்பி அதை மோந்து பார்த்திருப்பாளா? அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தலைவர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் சிவப்பு வடிந்திருந்தது.

"உங்க பன்றிகளை எப்பலேருந்து அடைச்சிருக்காங்க?"

"முந்தாநாள் காலையிலேருந்துங்க ஐயா."

"எப்படித் தாங்குது?"

"தாங்கலைங்க ஐயா. கத்துது."

தலைவர் மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் மனுஷனாகத்தான் தெரிந்தார். பிறகு தாழ்வாரத்தில் யாரோ சாப்பாட்டு வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவர் துள்ளித் திரும்பினார்.

"தீர்மானம்! உடனே தீர்மானம் எழுதுங்க! ஒப்புதல்! ஒருமனதா ஒப்புதல்!"

வாரியத்தின் வரலாற்றிலேயே முதல் ஒப்புதல். செயலர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "எந்த உயிருக்கு என்று எழுதட்டும், ஐயா?"

"பன்றிக்குத்தான், வேற எதுக்கு?"

"பன்றி தின்றதை இந்த அமர்வு பார்க்கவில்லை. உறுப்பினர்கள் தின்றதைத்தான் பார்த்தது. அதற்குத்தான் சாட்சி இருக்கிறது."

"சரி, உறுப்பினர்னே எழுதித் தொலைங்க! வண்டி போகுது!"

செயலர் நிறுத்தி நிதானமாக எழுதினார். முந்திரி நொறுங்கல் வாரிய உறுப்பினர்களுக்கு உகந்த தீவனம் என இதனால் ஒப்புதல் அளிக்கப்படுகிறது. சீலிட்ட கிடங்கைத் திறந்து உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கலாம். உறுப்பினர்கள் உண்பதை எவரும் எக்காரணம் கொண்டும் தடுக்கக் கூடாது. எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். கதவு திறந்ததும் வாரியம் தாழ்வாரத்தில் ஓடியது.

"சார், பன்றிக்கு?" என்று பண்ணைக்காரர் கேட்டபோது மண்டபத்தில் செயலர் மட்டும்தான் இருந்தார்.

"அது அடுத்த அமர்வில்," என்றார் அவர், நகலை நீட்டியபடி.

வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கொட்டிலில் மனைவி ஒரு பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். கை முழங்கை வரை சிராய்ப்பு. பலகைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, வாயில் நுரையோடு. இந்தப் பக்கம் ஒரு கூடை நிறையக் குட்டிகள், சாக்குத் துணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

"போன் பண்ணினேனே, ஏன் எடுக்கலை?" என்றாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "முதக் குட்டியைப் பெரியம்மா கடிச்சுட்டா. கண்ணு முன்னாடியே. மத்ததை விழ விழக் கூடையில எடுத்துட்டேன். பால் குடுக்க விடமாட்டேங்கிறா. இன்னும் கொஞ்ச நேரம் போனா இதுகளும் தங்காது."

அவர் காகிதத்தை நீட்டினார். "ஒப்புதல் கெடச்சிருச்சு. ஆனா நமக்கு இல்ல." அவ்வளவுதான் சொல்ல வந்தது. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மனைவி பலகையை அவர் கையில் திணித்துவிட்டுக் காகிதத்தை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்குப் போனாள். அரக்கைச் செருப்பால் ஒரே தட்டு.

காவலர் பதறி எழுந்தார். "அம்மா! என்னம்மா இது!"

"உத்தரவு. படிங்க."

காவலர் எழுத்துக் கூட்டிப் படித்தார். முத்திரை சரியாக இருந்தது. கையெழுத்துகள் நிறைய இருந்தன. "உறுப்பினர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கேம்மா."

"ஆமா." அவள் அதற்குள் சோளமும் நொறுங்கலும் கலந்ததில் ஒரு வாளி அள்ளிவிட்டாள். தொட்டியின் காகிதத்தைக் கிழித்துக் கொட்டினாள். "வாங்க தலைவரே, சாப்பிடுங்க."

பெரியம்மா தொட்டிக்குள் தலையை விட்டாள். அன்றைக்குச் செயலர் தரையைக் காட்டியது பண்ணைக்காரருக்கு நினைவுக்கு வந்தது. குழி தோண்டுகிற ஓசைகூட அவருக்குக் கேட்டது.

காவலர் காகிதத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "இது... தலைவரா?"

"ஏண்ணே, நீங்க தலைவரைப் பார்த்ததில்லையா?"

"எங்கம்மா? அவங்க எல்லாம் இந்தப் பக்கம் எப்ப வந்திருக்காங்க? வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து ஒருதரம்கூடப் பார்த்ததில்ல."

"அப்ப நல்லாப் பார்த்துக்கோங்க. அந்தப் பெரிய கொட்டில்ல கத்துறவங்க மத்த உறுப்பினர்கள். கூடையில இருக்கிறது துணைக்குழு. தலைவர் வயிறு நிறைஞ்சு படுத்தாத்தான் துணைக்குழுவுக்குப் பால். அவங்க சாப்பிடுறதை யாரும் தடுக்கக் கூடாதுன்னு கடைசி வரியில இருக்கு."

காவலர் கடைசி வரியை வாசித்தார். கூடையையும் பார்த்தார். அதிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவர் வெகுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவை நாற்காலிக்கு அடியில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொட்டிலுக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்று பெரியம்மாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

பெரியம்மா தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. காவலர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர்கள் அப்படித்தான் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.